பழம் கொடுங்கள், பை வேண்டாம்

கோமாதாவுக்குப் பழம் கொடுப்பது புண்ணியம்தான், சரி. பழத்தோடு பிளாஸ்டிக் பையையும் ஏன் போடுகிறீர்கள்? பர்மாவில் பெகுப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. வாழைப்பழம், சோறு, பொங்கல் எல்லாம் முடிச்சுப் போட்ட பையோடு வேலியோரம் கிடக்கும். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா? நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும்.

பசுவின் வயிற்றில் 4 அறைகள். முதல் அறைக்குள் போன பை செரிக்காது, அங்கேயே சுருண்டு சேரும். அப்புறம் அசைபோடுவது குறையும், இடப்பக்கம் உப்பும், பால் வற்றும். கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கிராமத்தில் அதற்கு ஒரு டாக்டரைப் பிடிப்பதே பெரும்பாடு. பையில் ஆணி, கம்பி கிடந்தால் இன்னும் மோசம். ஆணி போய்த் தங்கும் இரண்டாம் அறைக்கு முன்னால்தான் இதயம் இருக்கிறது, அதையே குத்திவிடலாம்.

விடியற்காலையில் திருநீறு பூசி, முருகா என்று மடியில் கை வைத்ததும் முதல் பால் செம்பில் விழும் சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். டீக்கடைக்குப் பால் போன பிறகு, கண்ணை மூடி அசைபோடும் மாட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். அந்த வாயில் பை தொங்கினால் எப்படிப் பொறுப்பது?

மாட்டுப் பொங்கலுக்கு வருகிறவர்கள் பழத்தைக் கையில் கொடுங்கள், இல்லை வாழை இலையில் வையுங்கள். இலையையும் சேர்த்தே தின்னும். சோற்றை அள்ளிக் கொட்டாதீர்கள், வயிறு புளித்து மாடு படுத்துவிடும். பையை மடித்து வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.