விழுந்து கிடந்தாலும் தடைதான்

அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனை முடிவு செய்யும் வேர்ல்டு சீரிஸில், 2013-இன் மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘அது அம்பயர் தூக்கிக் கொடுத்த வெற்றி’ என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அன்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸின் பின்பாதி, ஸ்கோர் 4-4. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஆலன் கிரெய்க் மூன்றாவது பேஸுக்கு (ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) சறுக்கி வருகிறார். எதிரணியான பாஸ்டனின் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) எறிந்த பந்து பேஸைத் தாண்டி ஓடிவிட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டன் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் கால்கள் மேலே தூக்கியபடி குப்புறக் கிடக்கிறார். எழுந்து ஹோம் பிளேட்டுக்கு (தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி இடம்) ஓடப் பார்த்த கிரெய்க், அவர் மேலேயே தடுக்கி விழுகிறார். அப்புறம் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினார், பந்து முந்திக்கொண்டது, பந்தால் அவரைத் தொட்டு டேக்கும் செய்துவிட்டார்கள்; சாதாரணமாக அது அவுட். ஆனால் மூன்றாவது பேஸில் நின்ற ஜாய்ஸ் ஏற்கெனவே ‘தடை’ (ஓடுபவரின் வழியை ஃபீல்டர் மறித்தது) என்று கைகாட்டிவிட்டார். ஹோம் பிளேட் அம்பயர் டேனா டெமூத் ‘சேஃப்’ என்றார். 5-4, ஆட்டம் முடிந்தது.

‘வேண்டுமென்றா கிடந்தார்? எழுந்திருக்க நேரமே இல்லையே’ என்று கேட்கிறார்கள். விதி அதைக் கேட்கவே இல்லை. பந்து கையில் இல்லை, பிடிக்கும் முயற்சியும் முடிந்துவிட்டது, ஓடுபவருக்கு இடைஞ்சல் ஆனது. அவ்வளவுதான். பாய்ந்து பந்தைத் தவறவிட்டு, தரையிலேயே கிடந்து ஓடுபவரைத் தாமதப்படுத்தினால் பெரும்பாலும் அது தடைதான் என்று விதிப்புத்தகத்தின் விளக்கமே சொல்கிறது. நோக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தால் எல்லா ஃபீல்டரும் ‘தெரியாமல்’ விழுவார்கள்.

தடுக்கப்பட்டவரையே அவுட்டாக்க முயலும்போது தடை நேர்ந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும், அவருக்குக் குறைந்தது ஒரு பேஸ் உண்டு. இல்லாவிட்டால் ஆட்டம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தடை இல்லாமல் இருந்தால் எதுவரை போயிருப்பார் என்று அம்பயர் கடைசியில் முடிவு செய்வார்.

இங்கேதான் 2003 பிளேஆஃபில் மிகெல் தெஹாதா மாட்டிக்கொண்டார். ஓக்லாண்டுக்கு ஆடிய அவர், மூன்றாவது பேஸ் அருகே பாஸ்டனின் பில் முல்லர் மேல் மோதியதும், ஹோம் பிளேட் எப்படியும் நமக்குத்தான் என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டார். டேக் செய்தார்கள், அவுட். (அன்று லாபம் பாஸ்டனுக்கு!) வயிறு எரிந்தாலும் சரியான தீர்ப்புதான். தானாக நின்றவருக்கு எந்தத் தடையைக் காட்டி பேஸ் கொடுப்பது?

என் குறையெல்லாம் வேறு. 2011-இல் ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் கேட்சர் பஸ்டர் போசியின் கால் உடைந்த பிறகு, 2014-இல் ஹோம் பிளேட்டுக்குத் தனி விதியே வந்தது. பந்து வருமுன்பே முழங்காலை ஊன்றி மற்ற பேஸ்களை மறிப்பவர்கள் மேல் கண்டிப்பு காட்டச் சொல்லி, லீக்கை நடத்தும் எம்எல்பி வலியுறுத்தியது 2024-இல்தான். விதி அப்போதும் புத்தகத்தில் இருந்ததே, பத்து வருஷம் எதற்குக் காத்திருந்தார்கள்?