என் ஏமாற்றமும் அவர்கள் கணக்கில் ஒரு வாசிப்பா?

நூலகத்துக்குப் போய், தேடிய புத்தகம் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்களை யாராவது எண்ணுகிறார்களா? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடுதான் அலைகிறேன்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் தனியாளாகக் கோத்து முடித்த முதல் புத்தகம், சின்னதாக ஒரு பஜனைப் பாட்டுத் தொகுப்பு. வீட்டில் இருந்த பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. அதை ஒரு தடவை கண்ணால் பார்க்கணும் என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

முதலில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். வாசலில் கையெழுத்து நோட்டு. போட்டேன். புத்தகம் இல்லை, எங்கே கிடைக்கும் என்றும் தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஆனால் அன்றைய கணக்கில் நான் ஒரு வாசகர். அங்கே உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்த மாணவனும் நானும் ஒன்றுதான். நூலகர் மேல் எனக்குக் கோபமே இல்லை. திறப்பது, பூட்டுவது, தூசி தட்டுவது, இரவல் எழுதுவது எல்லாம் அந்த ஒரே மனிதர்தான். மாதக் கடைசியில் மேலே அனுப்பும் படிவத்தைக் காட்டினார். வந்தவர் எத்தனை, புது உறுப்பினர் எத்தனை, இரவல் போன புத்தகம் எத்தனை. "கேட்டது கிடைக்காமப் போனவங்களை எங்க சார் எழுதுறது? அதுக்குக் கட்டமே இல்லையே" என்றார்.

சரி, மின்னூலகத்தில் தேடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வயிறு எரிந்தது.

முகப்பிலேயே பெரிய எழுத்தில் இத்தனை ஆயிரம் நூல்கள், இத்தனை லட்சம் பக்கங்கள். தலைப்பைத் தமிழில் அடித்தால் ஒன்றும் வரவில்லை. அட்டவணையை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதினால் அடுத்தவர் வேறு மாதிரி. பத்து விதமாக அடித்துப் பார்த்தேன். ஆண்டை வைத்துத் தேடலாம் என்றால், பழைய புத்தகங்கள் பலவற்றில் 'யுவ வருஷம்' என்ற மாதிரிதான் இருக்கும். அது 1935 ஆகவும் இருக்கலாம், 60 வருடம் முந்தி 1875 ஆகவும் இருக்கலாம். உள்ளே ஒரு பக்கம் படித்துப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். படிக்க யாருக்கும் நேரமில்லை, ஆண்டுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். பக்கங்கள் எல்லாம் வெறும் படங்கள், உள்ளே ஒரு சொல்லைத் தேடக்கூட வழியில்லை.

கடைசியில் அதே தலைப்பில் நான்கு கோப்புகள் கிடைத்தன. ஒன்றைத் திறந்தால் உள்ளே வேறு புத்தகம். இன்னொன்று 32ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அடுத்ததில் கட்டுப் பக்கம் முழுக்க எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. நான்காவது வேறொரு ஊரில் அச்சான வேறு பதிப்பு. நான்கு தடவை இறக்கி, நான்கு தடவை ஏமாந்தேன். ஒவ்வொரு தடவையும் பதிவிறக்க எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடியது. என் ஏமாற்றத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் வாசிப்பு என்று கணக்குக் காட்டுகிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

எண்ணுவதற்கு முறையே இல்லை என்றால்கூட விட்டுவிடலாம். இருக்கிறதே! மின்னிதழ்களும் மின்னூல்களும் எவ்வளவு பயன்படுகின்றன என்று கணக்கெடுக்க 'கவுன்ட்டர்' என்ற உலக அளவிலான முறை 2002-லேயே தொடங்கிவிட்டது. 30 விநாடிக்குள் ஒரே ஆள் ஒரே கோப்பை இரண்டு தடவை தட்டினால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். விவரப் பக்கத்தை எட்டிப் பார்த்தது வேறு, முழு நூலைத் திறந்தது வேறு. முக்கியமாக, நூலகத்திடம் உரிமம் இல்லாததால் திறக்க முடியாமல் திரும்பியவர்களுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. எதை அடுத்து வாங்க வேண்டும் என்று நூலகத்துக்குச் சொல்வதே அந்தக் கணக்குத்தான்.

இதெல்லாம் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகங்களுக்கான ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றார். இத்தனை லட்சம் பக்கம் சேர்த்துக் காட்டு என்று ஒரு விதியும் அதில் கிடையாது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

ஒழுங்காகச் செய்ய முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்து வைத்த பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும், அவர் மறைவுக்குப் பிறகு சென்னையில் 1994-ல் ஆய்வு நூலகமாக்கி, முறையாக அட்டவணைப்படுத்தி நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்துக் காத்தார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, தேடக்கூடிய எழுத்தாகவே பழைய தமிழ் நூல்களை இணையத்தில் தந்தார்கள்.

பக்கங்களைப் படம் எடுக்கக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தைத் தமிழ் தெரிந்த அட்டவணையாளர்களுக்குக் கொடுங்கள். தலைப்பைத் தமிழில் ஏற்றுங்கள். கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று ஒருவர் பார்த்த பிறகு வெளியிடுங்கள். தேடி ஒன்றும் வராத சொற்களை எல்லாம் சேமித்து மாதம் ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். அப்புறம், எங்கள் ஊர் நூலகத்தில் கையெழுத்து நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள், கேட்டது கிடைக்காமல் போகிறவர்கள் எழுதிவிட்டுப் போக. நாளைக்கே வந்து என் பெயரையும் தாத்தா கோத்த அந்தப் புத்தகத்தின் பெயரையும் முதல் வரியில் எழுதித் தருகிறேன்.