பஸ் இருக்குதானே எண்டு எழுதினாக்களுக்கு

லீசிங் கட்டுக்காசு பிந்தின ஒரு தாயின்ர காரைப் பள்ளிக்கூடக் கேற்றடியில பிள்ளையை இறக்கிவிட்டுக் கம்பனிக்காரர் பிடிச்சுக்கொண்டு போற அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் ரெண்டு நாளாப் பேசாமல் இருந்தனான். எடுத்தவருக்கும் பகிர்ந்தவைக்கும் இன்னும் நாலு லைக் சேர்த்துக் குடுக்க விருப்பமில்லை. இண்டைக்குக் காலமை திறந்தால் கீழ கருத்துகளில ஒரு திருவிழாவே நடக்குது. "கட்ட வக்கில்லாட்டி ஏன் கார்?" "பஸ் இருக்குதானே?" "எங்கட அம்மாமார் சைக்கிள் உழக்கி எங்களை வளக்கேல்லையோ?" சிரிக்கிற பொம்மையள் வேற.

சரி, கதைப்பம்.

பஸ் இருக்குதானே எண்டு எழுதினவை ஒருக்கா ஒரு கொப்பியை எடுத்து நேரத்தைக் கூட்டிப் பாருங்கோ. அவவின்ர விலாசம் வேண்டாம், ஒரு உதாரணம் சொல்லுறன். தாய் யாழ்ப்பாணத்து ஊரெழுவில. மூத்த பிள்ளை படிக்கிறது மருதனார்மடத்தடியில. சின்னனை விடுறது திருநெல்வேலியில ஒரு டே கெயரில, அது திறக்கிறது ஏழு மணிக்கு. வேலை ரவுணுக்குள்ள. பள்ளிக்கூடம் ஏழரைக்கு, வேலைக்கு எட்டரைக்கு வரவு மெஷினில விரல் வைக்க வேணும்.

கார் இருந்தால் ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டு, உரும்பிராய்ச் சந்தியால மருதனார்மடம் வீதியைப் பிடிச்சு மூத்ததை இறக்கி, கோண்டாவிலால திரும்பித் திருநெல்வேலியில சின்னனை விட்டு, எட்டு மணிக்கு ரவுணில நிக்கலாம். எல்லாமாப் பதினாலு பதினைஞ்சு கிலோமீற்றர். அவ்வளவுதான்.

இப்ப காரை எடுத்துப்போட்டுப் பாருங்கோ. எங்கட ஊரில பஸ் ஓடுறது கைவிரல் மாதிரி. காங்கேசன்துறை வீதி ஒரு விரல், பலாலி வீதி ஒரு விரல், பருத்தித்துறை வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி எல்லாம் விரல்கள். உள்ளங்கை ரவுண் பஸ் ஸ்ராண்ட். விரலால உள்ளங்கைக்கு வாறதுக்கு மினிபஸ் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். ஒரு விரலில இருந்து பக்கத்து விரலுக்குத் தாவுறதுக்கு என்ன இருக்கு? குறுக்கு வீதியளில ஓடுற பஸ் எண்ணி விட்டதுதான். ஊரெழு பலாலி வீதியில, மருதனார்மடம் காங்கேசன்துறை வீதியில. ஏழு மணிக்குச் சின்னனைத் திருநெல்வேலியில விட்டிட்டு, மூத்ததைக் கையில பிடிச்சுக்கொண்டு ஆடியபாதம் வீதியால காங்கேசன்துறை வீதியில இருக்கிற கொக்குவிலுக்கு நடந்தால் புத்தகப் பையோட இருபத்தைஞ்சு நிமிசம். அங்க பஸ் உடன வந்தாலும் மருதனார்மடத்தில இறங்க ஏழே முக்கால். பள்ளிக்கூடக் கேற் பூட்டியாச்சு. அதுக்குப் பிறகு அவ திரும்ப எட்டுக் கிலோமீற்றர் ரவுணுக்கு வரவேணும்.

இது காலமை மட்டும். பள்ளிக்கூடம் விடுறது ஒண்டரைக்கு. கார் இருக்கேக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில ஓடிப்போய் ஏத்தி டே கெயரில விட்டிட்டு, சோத்துப் பார்சலைச் சிக்னலில நிண்டு ரெண்டு வாய் திண்டிட்டு வேலைக்குப் போறவை எத்தினை பேர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? பஸ்ஸில அதைச் செய்து காட்டுங்கோ பாப்பம். அவ கார் வைச்சிருந்தது சொகுசுக்கில்லை, நேரத்துக்கு. இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறன், அலுத்தால் தள்ளிவிட்டிட்டுப் போங்கோ.

"ஓட்டோ பிடிக்கலாம்தானே." பிடிக்கலாம். கிலோமீற்றருக்கு நூறு ரூபா எண்டு குறைச்சே போடுங்கோ. காலமைச் சுத்து 1500, மத்தியானம் பிள்ளையை ஏத்தி விட 600. வேலைநாள் இருபத்திரண்டு. 46,200 ரூபா. பின்னேரம் வீட்டை வாறது இதில இல்லை. லீசிங் கட்ட ஏலாமல் போன மனிசிக்கு நீங்கள் குடுத்த புத்திமதி இது.

பள்ளிக்கூட வான் நல்ல வழி, அதை மறுக்கேல்லை. தேடுறவை நாலு விசயம் கேட்டுப்போட்டுக் காசைக் குடுங்கோ. எத்தினை சீற்றுக்கு எத்தினை பிள்ளையள், கதவடியில உதவியாள் நிக்கிறாரோ, லீவு மாதத்துக்கு முழுக்காசோ அரைக்காசோ, வான் பழுதானால் அண்டைக்கு ஆர் ஏத்துறது. கடைசிக் கேள்விக்கு "பாப்பம்" எண்டு மறுமொழி வந்தால் வேற வான் பாருங்கோ. ஆனா வான் தன்ர பாதையில தன்ர நேரத்துக்குத்தான் ஓடும். பிள்ளைக்கு விளையாட்டுப் பயிற்சி எண்டால் நிண்டு ஏத்தாது, டே கெயருக்கும் திரும்பாது. அதோட தவணை நடுவில இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

"ஸ்கூட்டி எடுக்கலாமே." இதைச் சொன்னவை கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கினம், அதால மரியாதையாவே பதில் சொல்லுறன். முதலாவது, கார் லைசென்ஸை வைச்சுக்கொண்டு ஸ்கூட்டி ஓடேலாது. மோட்டச்சைக்கிள் வகுப்பு வேறயாப் பதிய வேணும், மெடிக்கல் எடுக்கவேணும், ஓடிக் காட்டவேணும். அடுத்த கிழமையே நடக்கிற காரியமில்லை. ரெண்டாவது, பின்னால ஒருத்தரைத்தான் ஏத்தலாம். ரெண்டு பிள்ளை எண்டால் சின்னன் முன்னால நிக்கும். சடாரெண்டு பிறேக் அடிச்சால் முதல்ல ஹாண்டிலில அடிபடுறது அந்தப் பிள்ளையின்ர வாயும் பல்லும். மூண்டாவது, ஹெல்மெட். பெரியாக்களின்ர ஹெல்மெட்டைப் பிள்ளைக்குக் கவிழ்த்துவிட்டால் அது தலையில சுத்தும், விழுந்தால் உதவாது. பிள்ளையின்ர அளவுக்கு வாங்கி, நாடிப் பட்டிக்குள்ள ரெண்டு விரல் மட்டும் போற மாதிரி இறுக்கவேணும். பின்னால இருக்கிற பிள்ளையின்ர கால் பெடலுக்கு எட்டாட்டி உயர்த்தின கால் மிதி போட்டு, சில்லுப் பக்கம் கம்பி வலையும் அடிக்கவேணும். இல்லாட்டி ஒரு நாளைக்குக் குதிக்கால் சில்லுக்குள்ள போகும். சைக்கிளுக்கும் இதுதான். சீலை, துப்பட்டா எல்லாம் சொருகிப்போட்டு ஏறுங்கோ.

இனி அந்தச் சைக்கிள் காவியம். 90களில பொருளாதாரத் தடை இருக்கேக்க எங்கட ஒழுங்கையில ஒரு ரீச்சர் அம்மா, மனிசன் இல்லை, மூண்டு பிள்ளையளையும் ஒரு லேடீஸ் சைக்கிளிலதான் இழுத்தவ. ஒண்டு முன் கூடைக்குப் பின்னால கட்டின சின்னப் பலகையில, ஒண்டு கரியரில, மூத்தது பக்கத்தில ஓட்டம். உண்மைதான். அப்ப காரெண்டால் பழைய ஒஸ்ரின் ஏ40தான், அதுவும் காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில இருமிக்கொண்டு போகும். ஆனா ஒண்டை மறந்துபோட்டியள். அண்டைக்கு அதிபரும் சைக்கிளில வந்தவர், டொக்ரரும் சைக்கிளில வந்தவர். ஊரே ஒரே வேகத்தில போனது. பிந்தி வந்தால் ஏனெண்டு ஆரும் கேக்கேல்லை. 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் தந்தவங்கள். அப்பவும் சமாளிச்சம்தானே எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். அண்ணை, அண்டைக்கு எல்லாரும் பிந்தினவை, பள்ளிக்கூடமும் கனநாள் பூட்டிக்கிடந்தது. இண்டைக்கு அவ ஒராள் மட்டும் பிந்துறா. விரல் வைக்கிற மெஷினுக்கு உங்கட பழங்கதை விளங்காது.

"கட்டாட்டி எடுப்பாங்கள்தானே?" எடுப்பாங்கள். அதில எனக்கு வாதமில்லை. லீசிங் ரிக்கவரியில, கட்டாத காசை அறவிடுற பகுதியில, ஒன்பது வருசம் இருந்தனான், எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். 2000 ஆம் ஆண்டு 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைக்குவிடல் சட்டம் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு, வாகனப் பதிவுப் புத்தகத்தில முழு உரிமையாளர் எண்டு கம்பனியின்ர பேர் இருக்கு. ஆனா எடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. பள்ளிக்கூடக் கேற்றடியில பிள்ளையை இறக்கிவிட்டுத் திறப்பைப் பறிக்கிறது அந்த முறையில இல்லை.

அதால, நாளைக்கு இன்னொருத்தருக்கு உதவட்டும் எண்டு எழுதுறன். கட்டுக்காசு ஒண்டு பிந்தின உடன எழுதுங்கோ, போனில சொல்லாதேங்கோ. எப்ப எவ்வளவு கட்டுவன் எண்டு கடிதம் எழுதி, பிரதியில கம்பனி முத்திரை குத்தி வாங்குங்கோ. மூண்டு கட்டுக்காசு சேரவிட்டால் ஃபைல் வேற கைக்குப் போகும், அதுக்குப் பிறகு நீங்கள் கதைக்கிற ஆளுக்கு முடிவெடுக்கிற அதிகாரமில்லை. இனி ஏலாது எண்டு தெரிஞ்சால் செட்டில்மென்ட் கணக்கை, அதாவது கடனை முழுக்கக் கட்டி முடிக்கிற தொகையை, எழுத்தில எடுத்து, வாங்குறவர் மிச்சக் காசைக் கம்பனிக்கு நேர கட்டுற மாதிரி நீங்களே காரை வித்துவிடுங்கோ. ஏலத்தில போற விலையையும் வெளியில விக்கிற விலையையும் பாத்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வந்து நிக்கிறாங்கள் எண்டால் அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கோ. மீற்றரைப் படம் எடுங்கோ, நாலு பக்கமும் எடுங்கோ. பொருள் பட்டியல் எழுதாமல் திறப்பைக் குடுக்காதேங்கோ. ஸ்பெயார் ரயர், ஜக், பாட்டுச் செற், பிள்ளையின்ர சீற், எல்லாம் பேர் பேரா எழுதவேணும். "இதர பொருட்கள்" எண்டு எழுதினால் அது பிறகு ஒரு பொருளுமில்லை. "விருப்பத்தோட ஒப்படைக்கிறன்" எண்டு அச்சடிச்ச தாளொண்டு நீட்டுவாங்கள், அவசரத்தில கையெழுத்து வைக்காதேங்கோ. அண்டைக்கே பொலிஸில ஒரு என்ட்ரி போடுங்கோ. வாகனம் யார்ட்டில நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் காசு ஏறலாம், பிடிச்ச கூலியும் உங்கட கணக்கில விழும். அதால அழுதுகொண்டிருக்காமல் அடுத்த நாளே கணக்குக் கேளுங்கோ. வித்தால் என்ன விலைக்கு வித்தது, எதை எதைக் கழிச்சது எண்டும் எழுத்தில கேளுங்கோ. வித்த காசு கடனுக்குக் குறைஞ்சால் உங்களிட்ட மட்டுமில்லை, பிணை நிண்டவையிட்டயும் வருவாங்கள், ஆர் கடன் கட்டேல்லை எண்டு பதியிற கிரிப்பிலயும் விழும். கம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்தும் பதில் இல்லாட்டி மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. வழக்கறிஞருக்குக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு.

ஒருக்காப் போன காரைத் திரும்ப எடுக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு சிரிச்சவைக்கு விளங்குமோ தெரியாது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த அஞ்சு வருசத்தில பழைய ஆல்டோவும் தங்கம் மாதிரி ஏறினது. பெறுமதியில ஒரு பங்குக்குத்தான் லீசிங் குடுக்கலாம் எண்டு மத்திய வங்கி எல்லை போட்டிருக்கு, மிச்சத்தைக் கையில வைச்சுக்கொண்டு போகவேணும். ஒரு சம்பளக்காரி, ரெண்டு பிள்ளை. எங்கயிருந்து?

கடைசியா ஒரு கருத்து, அதை வாசிச்சுத்தான் இவ்வளவும் எழுத வெளிக்கிட்டனான். "பக்கத்து வீட்டாக்களிட்ட லிப்ட் கேக்கலாம்தானே." கேக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணை நல்ல மனிசன், ஒரு கிழமை மோட்டச்சைக்கிளில பிள்ளையை ஏத்தி விடுவார். ரெண்டாம் கிழமை நீங்கள்தான் மதிலுக்கு மேலால பாத்துக்கொண்டு கதை கட்டுவியள். ஆற்ற வண்டியில ஏறினவ, எத்தினை மணிக்கு இறங்கினவ, ஏன் சிரிச்சவ. மேடையில ஏறினால் பெண் தலைமைத்துவக் குடும்பம் எண்டு வாய் நிறையச் சொல்லுவம், படம் எடுப்பம், குத்துவிளக்கு ஏத்துவம். இறங்கி வந்து அந்தத் தலைமைத்துவத்தின்ர காரைத் தூக்கேக்க போனை நீட்டுவம். அவ தனிய ஓடுற கார் இருந்தவரைக்கும் ஆரிட்டயும் கடமைப்படாமல், ஆரின்ர வாய்க்கும் அவலாகாமல் போய் வந்தவ. அதுவும் சேத்துத்தான் போனது. நீங்கள் அதைக் காரெண்டு மட்டும் கணக்குப் பாக்கிறியள்.

கோவத்தில எங்கயோ போட்டன். திரும்புறன்.

ஊரெழு, உரும்பிராய்ப் பக்கத்தில இருந்து மருதனார்மடத்துக்கு ஆறே முக்காலுக்கு முதல் வெளிக்கிடுற பள்ளிக்கூட வான் தெரிஞ்சவை இன்பொக்ஸில சொல்லுங்கோ. அந்த நேரச் சிக்கலில நிக்கிற வேற ரெண்டு தாய்மாரும் கேட்டிருக்கினம். ஓட்டோவில ரெண்டு வீட்டுப் பிள்ளையளைச் சேத்து மாதக் கணக்குக்கு ஏத்துறவை இருந்தாலும் சொல்லுங்கோ. ஏத்த வாறவரின்ர பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தாய் கையெழுத்து வைச்சுப் பள்ளிக்கூடத்துக்கு முதலே எழுதிக் குடுக்கவேணும், அந்தக் கடித மாதிரி என்னட்ட இருக்கு, அனுப்பிவிடுறன்.

வீடியோவைப் போட்டவருக்கு நேரயும் எழுதினனான், பாத்திருக்கிறார், பதில் இல்லை. அது இன்னும் கிடக்கு. நம்பர் பிளேட்டை மறைச்சிருக்கிறியள் தம்பி, பின் சீற்றில இருக்கிற பிள்ளையின்ர முகத்தையும் பள்ளிக்கூட ரையையும் மறைக்கேல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை அதே ரையோடதான் வகுப்புக்குப் போகவேணும். எடுத்துவிடுங்கோ.