ஆலிவ் பண்ணையில் பதினோரு நாள்

தினம் சில மணி நேரம் வேலை செய்தால் வெளிநாட்டில் தங்கலும் சாப்பாடும் இலவசம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எல்லா இடமும் அப்படி இல்லை சார். போன வருடம் நவம்பரில் போர்ச்சுகலில் ஒரு ஆலிவ் பண்ணைக்குப் போனேன். பேச்சு என்னவோ நாளைக்கு 5 மணி நேரம், வாரத்தில் 5 நாள். காலை எட்டு மணிக்கு மரத்தடியில் வலையை விரித்தால் இருட்டும் வரை சீப்பு மாதிரி ஒரு கோலால் காயை உருவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் ஆட்டுக் கொட்டகை வேறு. தனி அறை என்றார்கள், போய்ப் பார்த்தால் சக்கரம் இறங்கிய பழைய கேரவன், மெத்தையைத் தூக்கினால் அடியில் பூஞ்சை. ராத்திரிக்கு தினமும் டப்பா தக்காளி ஊற்றிய பாஸ்தாதான், அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி இல்லையென்றால் திண்டாட்டம். எங்கள் அம்பாசமுத்திரத்தில் நடவுக்கு வருகிறவர்களுக்குக் கூலி போக டீயும் வடையும் வயலுக்கே வந்துவிடும். ஆச்சி இதைக் கேட்டுவிட்டு "காசு செலவழிச்சுப் போயி ஆட்டுப் புழுக்கை அள்ளிட்டு வந்திருக்கியேலே" என்று இன்னும் சிரிக்கிறாள்.

விசா பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சம்பளம் வாங்காவிட்டாலும், தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாகச் செய்வதை நியூசிலாந்து வேலை என்றுதான் கணக்கில் எடுக்கிறது, சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. ஆஸ்திரேலியா 2024 முதல் 18-30 வயது இந்தியர்களில் வருடத்துக்கு 1,000 பேருக்குக் குலுக்கல் போட்டு, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் வேலை-விடுமுறை விசா தருகிறது, போக நினைக்கும் தம்பிகள் அதைப் பாருங்கள். நானும் விசாவை நினைத்துத்தான் தகராறு செய்யாமல் பதினோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.