பயப்படாதே என்று சொல்லாதீர்கள்

வேலை, திருமணம், பிள்ளைகள், ஊர் மாற்றம் என்று கம்பை விட்டு விலகிப் போனவள் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு இப்போது மறுபடியும் போல் வால்ட் (கம்பு ஊன்றித் தாண்டுதல்) பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: "பயத்தை விட்டுவிடு, மற்றதெல்லாம் தானாக வரும்." சொன்னவர்களில் பெரும்பாலோர் கம்பைக் கையால் தொட்டதில்லை. அவர்களை மன்னித்துவிடலாம். தொட்டவர்களும், அதிலும் பதக்கம் வாங்கியவர்களும் அதையே சொல்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு இந்த விளையாட்டுக்குத் திரும்புகிறவருக்கு வரும் பயத்தை நான் கோழைத்தனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உடம்பு தன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை இழுத்துப் பிடிக்கிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. அதைக் கேட்காமல் பழைய கம்பும் பழைய ஓட்டமுமாகக் கிளம்புகிறவர்தான் தோளையோ முதுகையோ கெடுத்துக்கொள்கிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். போல் வால்ட்டில் உயரம் கம்பின் வளைவிலிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கம்பு தானாக எதையும் தருவதில்லை. நாம் ஓடிச் சேர்த்த ஆற்றலை வாங்கி, கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தருகிறது. பள்ளிக்கூட இயற்பியலே போதும். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிற ஒருவரிடம் ஏறத்தாழ 3.26 மீட்டர் மேலே எழும்பும் ஆற்றல் இருக்கிறது. அதே ஆளின் வேகம் 7 மீட்டருக்கு இறங்கினால் அது 2.5 மீட்டர்தான். நம் இடுப்பு ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதும், கடைசி நொடியில் கம்பைத் தள்ளி மேலேறுவதும் தனி வரவு. ஆனாலும் ஓட்டத்தில் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு முக்கால் மீட்டர் உயரம் காணாமல் போயிற்று. ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறி இறங்குவதால் வருகிற வினை இது.

ஸ்வீடன் வீரர் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் 2025இல் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டியபோது எல்லோரும் அவர் தலைகீழாகச் சுழன்ற அழகைப் பேசினார்கள். நான் அவருடைய ஓட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முந்தைய ஆண்டு ஜூரிச்சில், 400 மீட்டர் தடை ஓட்டத்தின் உலக சாதனையாளரான கார்ஸ்டன் வார்ஹோமோடு நூறு மீட்டர் பந்தயம் ஓடி 10.37 வினாடியில் வென்றவர் அவர். மேலே நடக்கிற வித்தையெல்லாம் கீழே ஓடுபாதையில் சம்பாதித்தது.

இனி எடைக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எடை வந்து உட்காருவது கம்பில். ஒவ்வொரு ஃபைபர் கம்பிலும் நீளமும் எடையும் அச்சிட்டிருக்கும். 12 அடி, 130 பவுண்டு என்றால் ஏறக்குறைய 59 கிலோ உள்ளவர் மேல்முனைக்கு அருகில் பிடித்துத் தாண்டுவதற்கு என்று பொருள். இடைப்பட்ட காலத்தில் எனக்கு எடை கூடியிருக்கிறது. எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆகவே பழைய கம்பு எனக்கு இப்போது மிருதுவாகிவிட்டது. முன்பு பிடித்த உயரத்தில் பிடித்து ஊன்றினால் அளவுக்கு மீறி வளையும், முறியவும் கூடும். சரி, எடைக்கு ஏற்ற விறைப்பான கம்பை எடுக்கலாம் என்றால் அதை நிமிர்த்தி நிறுத்தும் வேகம் காலில் இல்லை. நிமிராத கம்பு நம்மை விழுந்து இறங்கும் மெத்தை மேட்டில் கொண்டுபோய்ப் போடாது. வந்த வழியே ஓடுபாதைக்குத் திருப்பி அனுப்பிவிடும். எடைக்குப் பொருந்துகிற கம்பு வேகத்துக்குப் பொருந்தவில்லை, வேகத்துக்குப் பொருந்துவது எடையைத் தாங்கவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த இடி இரண்டு பக்கமும் விழுவதில்லை. அவர்களுக்கு எடையும் வேகமும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன.

வழி இல்லாமல் இல்லை. எடைக்குப் பொருந்துகிற, ஆனால் நீளம் குறைந்த கம்பு, தாழ்வான பிடி, ஆறு காலடி, எட்டுக் காலடி ஓட்டம். பிடி இறங்கினால் நிமிர்த்த வேண்டிய நீளம் குறைகிறது, குறைந்த வேகமே போதும். கம்பு வளையாது, வளையவும் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதல் மாதத்தில் செய்கிற அதே பயிற்சி இது. பக்கத்தில் அந்தப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருத்தி என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். பயிற்சியாளர் அவளை முறைத்து "அக்கா" என்று திருத்தினார். எனக்கு எதுவானாலும் சம்மதம், அவள் பிடிக்கிற உயரத்தைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் பொறாமை.

ஓட்டத்தின் தொடக்கக் குறி பற்றி ஒரு வார்த்தை. பழைய நோட்டில் எழுதிவைத்த தூரத்தை அளந்து குறி வைக்காதீர்கள். வலு குறைந்தால் எட்டு வைக்கும் நீளமும் குறையும். பழைய குறியிலிருந்து ஓடினால், கம்பை ஊன்றுவதற்காகத் தரையில் பதித்த பெட்டி எட்டாது. கடைசி இரண்டு மூன்று அடிகளில் கால் எட்டிப் பாயும். எட்டிப் பாய்ந்த கால் பிரேக் போடும். கைகள் தலைக்கு மேலே நீள்வதற்குள் கம்பின் நுனி 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள அந்தப் பெட்டியின் பின்சுவரில் முட்டிவிடும். அந்த அதிர்ச்சி முழுவதும் மேல்கையின் தோளுக்கும் இடுப்புக்கும் போகிறது. இருபது வயதுத் தோள் அதை மறுநாளே மறந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்: ரன் த்ரூ. முழு வேகத்தில் ஓடிவந்து, ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றாமல் விட்டுவிடுவது. திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வோம். செய்தவுடன் சுற்றி நிற்கிறவர்கள் கொட்டுகிற அனுதாபம் இருக்கிறதே, அதுதான் தாங்கமுடியாதது. "பயந்துவிட்டாயா? பரவாயில்லை, அடுத்த முறை யோசிக்காமல் ஓடு."

யோசிக்காமல் ஓடச் சொல்வதைவிட மோசமான அறிவுரை இந்த விளையாட்டில் கிடையாது. போட்டி விதியை எடுத்துப் பாருங்கள். குறுக்குக் கம்பியைத் தாண்டாமல், பெட்டியின் பின்முனைக்கு நேரான செங்குத்துத் தளத்துக்கு அப்பால் உடம்பாலோ கம்பாலோ தரையையோ மேட்டையோ தொட்டால் முயற்சி தோல்வி. அதற்கு முன்பே நின்றுவிட்டால் தோல்வி இல்லை. கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பிப் போய் மறுபடி ஓடலாம். மூன்று பேருக்கு மேல் களத்தில் இருக்கும்போது கிடைப்பது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயும் மனம் மாறுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். விதி எழுதியவர்களுக்குத் தெரிந்தது அறிவுரை சொல்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

என் இப்போதைய பயிற்சியாளர் என்னைவிட இளையவர். நான் நின்றுவிட்டால் அவர் பயத்தைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார். "அக்கா, எந்த அடியில் நிற்க முடிவு செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். ஓட்டத்தின் நடுவிலேயே மனம் கைவிட்டிருந்தால், கையிலிருக்கும் கம்பு எனக்குப் பெரிது. சிறியதை எடுத்துத் தருவார். கடைசி இரண்டு அடியில் என்றால் குறி தவறு. டேப்பை எடுத்து அளந்து நகர்த்துவார். பயம் வந்த இடத்தை வைத்துப் பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். அவர் கண்டிப்பது ஒன்றே ஒன்றை: பாதி மனதோடு ஊன்றுவதை. ஊன்றுவதா விடுவதா என்று கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுக்கும்போது புறப்பட்ட தாவல்தான் ஓடுபாதைக்கும் மேட்டுக்கும் நடுவில் கொண்டுபோய்ப் போடும். விடுவதென்றால் சீக்கிரம் விடு, ஊன்றுவதென்றால் முழுதாக ஊன்று. இந்த ஒழுங்கு எனக்கு இருபது வயதில் இருந்ததில்லை. அப்போது அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஓடுபாதைக்கும் மேட்டுக்கும் நடுவில் விழுவது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஆஸ்திரியாவின் தேசிய சாதனையாளர் கிரா க்ரூன்பெர்க் 2015இல் பயிற்சியின்போது விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். பிற்பாடு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். உச்ச நிலையில் இருந்த 21 வயது வீராங்கனைக்கு நேர்ந்தது அது. பயமே வேண்டாம் என்கிறவர்கள் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய ஆட்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதையும் பார்க்கலாம். ரஷ்ய வீராங்கனை எலெனா இசின்பயேவாவின் அரசியல் கருத்துகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இடைவெளி எடுப்பதைப் பற்றி அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. 2009இல் பெர்லின் உலகப் போட்டியில் அவரால் ஒரு உயரத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. பதினோரு நாள் கழித்து ஜூரிச்சில் 5.06 மீட்டர் தாண்டினார். பெண்கள் உலக சாதனையாக அது இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டு தோஹா உள்ளரங்க உலகப் போட்டியில் நான்காவது இடம். உடனே, காலவரையறை சொல்லாமல் விலகினார். உலக சாதனை கையில் இருக்கும்போது விலகுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

2011இல் திரும்பியபோது, தன்னை உருவாக்கிய பழைய பயிற்சியாளர் யெவ்கேனி ட்ரஃபிமோவிடமே வோல்கோகிராடுக்குப் போனார். அந்த ஆண்டு டேகு உலகப் போட்டியில் 4.65 மீட்டரோடு ஆறாவது இடம். தன் சாதனையிலிருந்து 41 சென்டிமீட்டர் கீழே. முடிந்தது கதை என்று எழுதினார்கள். 2012 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் 5.01 தாண்டி உள்ளரங்க உலக சாதனை, அந்தக் கோடையில் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2013இல் மாஸ்கோவில் 4.89 தாண்டி உலகத் தங்கம். மறுபடி நிற்கக் கற்றுக்கொள்ள அவருக்கே இத்தனை காலம் பிடித்தது. நடுவில் வந்த அந்த 4.65ஐ அவர் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

உக்ரைனின் செர்கே புப்கா வேறு வகை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குதிகால் தசைநாண் காயத்தால் ஒரு தாவல்கூட இல்லாமல் விலகி, மறு ஆண்டே ஏதென்ஸில் 6.01 தாண்டி ஆறாவது உலகப் பட்டம் வென்றார். அதைக் கேட்டு நாமும் கிளம்பிவிடக் கூடாது. புப்கா ஒருவர்தான்.

எனக்கு அதிகம் உதவுவது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஃப்ளோ மைலர். 65 வயதில் முதல்முறையாகக் கம்பு பிடித்து, எண்பதைத் தாண்டியும் போட்டிகளில் தாண்டியவர். நம்மைவிட அவருக்கு ஒரு வசதி: பழைய உயரம் என்று அவருக்கு ஒன்றுமே கிடையாது. ஒவ்வொரு சென்டிமீட்டரும் லாபம்.

நம் ஊரில் சிக்கல் வேறு. இந்தியப் போல் வால்ட்டில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. வி.எஸ். சுரேகா 2014இல் 4.15 தாண்டினார், 2022இல் ரோசி மீனா பால்ராஜ் அதை முறியடித்து 4.21 வரை உயர்த்தினார். அதே ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டியில் சுப்ரமணி சிவா 5.31 தாண்டினார். இவ்வளவு இருந்தும், போட்டி வாழ்க்கை முடிந்த ஒருவர் மாலையில் வந்து தாண்டிப் பார்க்க வழி அபூர்வம். மூத்தோர் தடகளம் உலக அளவில் 35 வயதில் தொடங்குகிறது. ஓட்டத்துக்கும் குண்டெறிதலுக்கும் கூட்டம் வருகிறது. போல் வால்ட்டில் மூன்று பேர் பெயர் கொடுத்தால் மூவருக்கும் பதக்கம் நிச்சயம்.

ஓர் அரங்கத்தில் மேட்டை மூடிய தார்ப்பாயை விலக்கித் தரவே மறுத்துவிட்டார்கள். "இந்த வயதில் எதற்கு அம்மா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலும் இருக்கிறது: மாவட்டத்துக்கு ஓர் இடத்தில், வாரத்தில் ஒரு மாலை, பயிற்சியாளர் மேற்பார்வையில், மருத்துவச் சான்றும் உறுதிமொழியும் வாங்கிக்கொண்டு மூத்தவர்களுக்கு மேட்டைத் திறந்துவிடலாம். அதே மேடு, அதே பெட்டி, புதிய செலவு ஏதும் இல்லை. சின்னக் கம்புகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. நாங்கள் கேட்பதும் அவற்றைத்தான்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு யாருக்காவது கை பரபரத்தால் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணிலோ அண்ணன் வீட்டு மொட்டை மாடியிலோ கிடக்கிற பழைய ஃபைபர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் வைத்து முழு நீளத்துக்கும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஸ்பைக் ஷூ மிதித்த கீறலோ, எங்கோ இடித்த பள்ளமோ நகத்தில் தட்டினால் அந்தக் கம்பில் தாண்ட வேண்டாம். வளையும்போது அந்த இடத்தில்தான் முறியும். துணி காயப்போடும் கொடிக்கு வேண்டுமானால் முட்டுக் கொடுக்கலாம், அதற்கு நல்ல நீளம்.