30 மார்க் எடுத்த மழை

சித்தப்பா: லடாக் பாலைவனம்னு போட்டிருக்கும்மா, நானே படிச்சேன். பாலைவனத்துக்குப் போறவனுக்கு எதுக்கு நாலு ஸ்வெட்டரு? உங்க சித்திக்கு நீதான் புரிய வைக்கணும்.

நான்: முன்னாடி குளிர்னு ஒரு வார்த்தை போட்டிருப்பாங்களே, அதை யாரு படிப்பா? லடாக் குளிர் பாலைவனம் சித்தப்பா. மழை இல்லாததால பாலைவனம், சூடா இருக்கறதால இல்ல. மழை மேகம் வந்தா இமயமலை குறுக்க நின்னு அந்தப் பக்கமே முக்கால்வாசி கறந்துட்டுதான் விடுது, அங்க பெரிய ஊரான லேல வருஷம் பூரா பெய்யறதே சுமாரா 100 மில்லிமீட்டர்.

சித்தப்பா: பாத்தியா, நீயே மழை இல்லங்கற. ஆப்ல 14ஆம் தேதி மழை 30 பர்சென்ட்னு காட்டுது, சித்தி பயப்படறா. நான் சொன்னேன், பாஸ் மார்க் 35டி, 30னா ஃபெயிலு. மழை ஃபெயிலு.

நான்: பரீட்சை இல்ல சித்தப்பா அது. இதே மாதிரி 30னு சொன்ன 10 நாளை எடுத்தா அதுல 3 நாள் பெய்யும், அவ்ளோதான்.

சித்தப்பா: மூணு நாளா! நாங்க போறதே ஆறு நாளும்மா!

(இங்க நான் ஒரு தடவை எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.)

நான்: 14ஆம் தேதிக்கு இன்னும் 19 நாள் இருக்கு. பத்து நாளைத் தாண்டிட்டா ஆப் சொல்றதுல பெருசா ஒண்ணும் இல்ல, வழக்கமா செப்டம்பர் எப்படி இருக்குமோ அதையே புதுசா கண்டுபிடிச்ச மாதிரி காட்டும். சரி, ஆப்ல எந்த ஊரு போட்டிருக்கீங்க?

சித்தப்பா: லே.

நான்: 14ஆம் தேதி எங்க இருப்பீங்க?

சித்தப்பா: பாங்காங் ஏரி. எல்லாம் ஒரே ஏரியாதானே.

நான்: லே 3,500 மீட்டர். ஏரி 4,200க்கு மேல. நடுவுல சாங் லா கணவாய் 5,300ஐத் தாண்டி நிக்குது. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும்னு வெச்சுக்கிட்டா லேல மத்தியானம் 20 இருக்கும்போது கணவாய்ல 9, அதுவும் காத்து அடிக்காம இருந்தா. காத்து அடிக்கும்.

சித்தப்பா: ஏசில 18 வெச்சுத் தூங்கறவன் நானு.

நான்: அங்க ரிமோட் உங்க கைல இல்ல. செப்டம்பர்ல பகல் நல்லாத்தான் இருக்கும், வானம் பளிச்னு நீலமா, போட்டோ அள்ளும். ஆனா ஈரமும் மேகமும் இல்லாத வானம் போர்வை இல்லாத படுக்கை மாதிரி, வெயில் போன உடனே மொத்த சூடும் மேல போயிடும். ராத்திரி லேலயே 5 டிகிரி கிட்ட வரும், ஏரிக்கரைல சைபருக்குக் கீழயும் போகும். பகல்ல காத்து மெலிசா இருக்கறதால வெயில்ல மூக்கு தோல் உரியும், அதே நேரம் நிழல்ல கால் விறைக்கும். சன்ஸ்கிரீனும் ஸ்வெட்டரும் ஒரே பையில போடற ஊரு அது.

சித்தப்பா: சித்தி என்னடான்னா, லேசா சாரல் அடிச்சா நல்லா இருக்கும்ல, ரீல்ஸ் எடுக்கலாம்ங்கறா.

நான்: வேண்டாம்னு சொல்லுங்க. அங்க பழைய வீடெல்லாம் மண் செங்கல், பாப்லர் கட்டையும் வில்லோ குச்சியும் பரப்பி மேல மண்ணு பூசின கூரை. மழை பெய்யாதுங்கற நம்பிக்கைல கட்டினது. 2010 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரி கொட்டின மழைல லே ஊருக்குள்ள சேறு புகுந்து எத்தனையோ உயிர் போச்சு. நமக்கு ரீல்ஸ், அவங்களுக்குக் கூரை.

சித்தப்பா: ...சரி சரி. ஆனா 30 ஃபெயில்தானே?

நான்: இன்னொண்ணு. காலைல டிரைவர் இன்னைக்குக் கணவாய்க்குப் போக வேணாம் சார்னா பேசாம ரூம்லயே இருங்க. போன தடவை நானே பாத்தேன், ஒருத்தர் போன்ல இருக்கற சூரியப் படத்தை டிரைவர் மூஞ்சிக்கு நேரா நீட்டி, காசு புடுங்கத்தான் பொய் சொல்றியான்னு கத்தறாரு. அந்த மனுஷன் ஒண்ணும் பேசல, கையை மட்டும் மேல காட்டினாரு, மலை உச்சி தெரியவே இல்ல. செப்டம்பர்லயே வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் ஒண்ணு, அதாவது மேற்குல இருந்து மழையும் பனியும் கொண்டு வர்ற மேகக் கூட்டம், வந்தா மேல பனிதான். 2018 செப்டம்பர் கடைசில மணாலி ரூட்ல லாஹௌல் பள்ளத்தாக்கு பக்கம் ஆளுங்க மாட்டி ஹெலிகாப்டர் விட்டுத் தூக்கினாங்க. பிறந்ததுல இருந்து அந்த வானத்தைப் பாக்கறவனுக்கு நம்ம போனை வெச்சு பாடம் எடுக்கறோம்.

சித்தப்பா: நான் அப்படியெல்லாம் பண்ணுவனா! ஒரு நிமிஷம் இரு, ஆப் அப்டேட் ஆகுது... அய்யய்யோ.

நான்: என்ன?

சித்தப்பா: 32 ஆயிடுச்சும்மா.

நான்: இன்னும் ஃபெயில்தானே.

சித்தப்பா: கிரேஸ் மார்க் போட்டுட்டாங்கன்னா?