டோர்பெல்: எல்லோரும் சொல்லும் கதையில் விடுபட்ட பாதி

பொதுச் சொத்தை மக்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று எங்கே விவாதம் எழுந்தாலும், யாராவது ஒருவர் டோர்பெல்லைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் சுமார் ஐநூறு பேர் வாழும் மலைக் கிராமம் அது. எலினோர் ஆஸ்ட்ரம் தன் ஆய்வில் அதை முக்கிய உதாரணமாக வைத்திருந்தார். 2009இல் அவர் பொருளாதார நோபல் பெற்றதும் ஊர்ப் பெயர் உலகமெல்லாம் போய்விட்டது. நானும் அந்த ஊருக்கு ரசிகன்தான். ஆனால் அதைப் புகழ்கிறவர்கள் வசதியான பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்பது என் வெகுநாள் புகார்.

முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ரோன் பள்ளத்தாக்கில் விஸ்ப் என்று ஒரு நகரம். அங்கிருந்து தெற்கே ஆற்றை ஒட்டிப் போனால் ஸ்டால்டன். செர்மாட் பக்கமிருந்து வரும் ஆறும் சாஸ் பக்கமிருந்து வரும் ஆறும் அங்கேதான் சேர்கின்றன. 1891இல் செர்மாட் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. அன்று முதல் மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்கக் கிளம்பிய கூட்டம் ஸ்டால்டனைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. தலைக்கு மேலே, 1500 மீட்டர் உயரத்தில், சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் டோர்பெல்லை அந்தக் கூட்டம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆல்ப்ஸ் என்றதும் மழை, பச்சை, பால் என்றுதான் நமக்குத் தோன்றும். இந்தப் பகுதியோ சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. இரண்டு பக்கமும் உள்ள உயர்ந்த மலைகள் மேகத்தை மறித்துவிடுகின்றன. அதனால் பனி உருகி வரும் நீரை, செங்குத்தான சரிவில் வெட்டிய வாய்க்கால்கள் வழியாகக் கொண்டுவந்து, முறைவைத்துத்தான் புல்வெளிக்குப் பாய்ச்சினார்கள். முறைத்தண்ணீர் என்றால் என்ன, அதற்கு எத்தனை சண்டை என்று நம் ஊர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே ஆற்றோரம் திராட்சை, ஊரைச் சுற்றி ரை தானியமும் தோட்டமும், அதற்கு மேல் புல்வெளி, பிறகு காடு, 2000 மீட்டரைத் தாண்டினால் கோடை மேய்ச்சல். ஒரே குடும்பம் ஆண்டு முழுக்க இந்த அடுக்குகளில் ஏறி இறங்கியபடியே பிழைத்தது.

தோட்டம், வயல், புல்வெளி எல்லாம் தனியாருடையவை. மலைமேய்ச்சல், காடு, தரிசு, வாய்க்கால், பாதை ஆகியவை ஊருக்குப் பொது. இந்தப் பிரிவினையே சாமர்த்தியம்தான். எந்த நிலத்துக்கு வேலி போட்டால் கட்டுபடியாகும், எதற்குக் கட்டாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1517ஆம் ஆண்டு விதி ஒன்றுக்காகத்தான் டோர்பெல் இவ்வளவு பேசப்படுகிறது. குளிர்காலம் முழுக்க எத்தனை மாட்டுக்கு உன்னால் தீவனம் போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். மீறினால் அபராதம். வசூலிக்கிற ஊர் அதிகாரிக்கு அதில் பாதி! அவர் ஏன் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறார்? ஒருவன் எவ்வளவு காய்ந்த புல் சேர்த்திருக்கிறான் என்பது அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும், மறைக்க வழியில்லை. பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு இன்னொரு மாட்டை விட்டு விட்டுக் கடைசியில் நிலத்தையே அழித்துவிடுவார்கள் என்று அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின் 1968இல் எழுதி உலகத்தைப் பயமுறுத்தினார். டோர்பெல்லில் அதற்கு 450 ஆண்டுகளுக்கு முன்பே ஆள் வைத்து அபராதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இதுவரை எல்லோரும் சொல்வதுதான். 1483 பிப்ரவரி 1ஆம் தேதி ஊரார் கையெழுத்திட்ட உடன்படிக்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரன் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் மேய்ச்சலிலோ பொது நிலத்திலோ அவனுக்கு உரிமை கிடையாது, மரமும் வெட்டக் கூடாது என்கிறது அது. பொதுச் சொத்து பிழைத்ததற்கு முதல் காரணம் இந்தப் பூட்டிய கதவு. 'எல்லோருக்கும் பொது' அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. 'எங்களுக்குள் பொது' என்பதுதான் இருந்தது.

இந்த மனப்பான்மை ஏதோ பழங்காலத்துச் சமாச்சாரமும் அல்ல. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியுரிமை வாங்கியவருக்கும் அப்படி ஒரு சுவிஸ் ஊர் 'பூர்வீகம்' ஆகிவிடுகிறது. காரணம், நாடும் மாநிலமும் மட்டும் சம்மதித்தால் அங்கே போதாது, ஓர் ஊரும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களில் இதை ரகசிய வாக்கெடுப்பிலேயே முடிவு செய்துவந்தார்கள். அது செல்லாது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது 2003இல்தான்.

ஊருக்குள் இருந்தவர்களுக்காவது சமநீதியா என்றால், அதுவும் இல்லை. நிறையப் புல்வெளி வைத்திருந்தவனுக்கு நிறைய மாடு, இல்லாதவனுக்கு ஒன்றோ இரண்டோ. அந்த விதி புல்லைக் காத்தது. ஏழையைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும், மகள்களுக்கும் சேர்த்து, சமமாகப் பிரிந்ததால் பெரும் பண்ணையார்கள் உருவாகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அப்படிப் பிரிந்துகொண்டே போனால் நிலம் எங்கே மிஞ்சும்? ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர் டோர்பெல்லின் தேவாலயப் பதிவேடுகளைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார். தாமதமான திருமணம், திருமணமே செய்யாமல் நின்றுபோனவர்கள், ஊரைவிட்டு வெளியேறியவர்கள் என்று அதில் தென்படுகிறது. மலைக்கும் மனிதர்களுக்கும் இடையிலான சமநிலை என்று நாம் வியப்பதற்கு, கல்யாணமாகாத அத்தைகளும் பெரியப்பாக்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். மாட்டுக் கணக்கு போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடட்டும்.

மகளுக்குச் சொத்து கிடைத்தது, ஓட்டு கிடைக்கவில்லை. மலையின் மறுபக்கம், அதிகத் தொலைவில் இல்லாத ஊர் உன்டர்பெஹ். போர், பேரிடர் காலத்தில் பொதுமக்களைக் காக்கும் குடிமைப் பாதுகாப்புப் பணியைப் பெண்களுக்கும் கட்டாயமாக்கலாமா என்று 1957 மார்ச்சில் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. பெண்களைப் பற்றிய கேள்வி, பதில் சொல்வது ஆண்கள் மட்டும்! உன்டர்பெஹ் ஊராட்சி துணிந்து பெண்களையும் வாக்களிக்க விட்டது. கத்தரீனா செந்ஹாய்சர்ன் என்ற பெண் முதல் ஓட்டைப் போட்டார். அந்த வாக்குகள் எண்ணப்படவில்லை. வாலே மாநிலத்துப் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1970இல், நாடு முழுக்க 1971இல்.

இன்றைய டோர்பெல்லில் மாட்டை நம்பி வாழ்கிறவர்கள் குறைவு. கீழே விஸ்பில் லோன்சா நிறுவனத்தின் பெரிய ரசாயன ஆலை இருக்கிறது. கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசியின் மூலப்பொருள் அங்கே தயாரானது. மலையூர்க்காரர்கள் பலருக்குப் பள்ளத்தாக்கின் ஆலை வேலையே சோறு போட்டது. சுவிஸ் ஆல்ப்ஸ் முழுக்கவே ஆட்கள் கைவிட்ட மேய்ச்சல் நிலங்களில் புதர் ஏறி, பின்னாலேயே காடும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுகிறவர்களுக்குக் கூட்டாட்சி அரசு இப்போது உதவித்தொகை தருகிறது. 1517இல் கூடுதலாக ஒரு மாட்டை ஏற்றினால் அபராதம் வாங்கிய மலைகளுக்கு, இன்று காசு கொடுத்து மாடு அழைக்கிறார்கள்.